"கில்லஸ்பி அப்புறம் என்ன ஆனார் டீச்சர்?" – கூர்க்காக்கள் பற்றி ஒரு நீண்ட பதிவு



இது நீளமான பதிவு. மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். வேலை நேரத்தில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. நாலு முனையிலும் கேமரா வைத்தாகிவிட்டது, இனிமேல் கூர்க்காவுக்கு வீட்டுக்கு முப்பது ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை என்று முடிவு செய்தார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பதினோரு வருடமாக எங்கள் தெருவில் ராத்திரி விளக்குக் கம்பத்தைத் தடியால் தட்டி, விசில் ஊதிக்கொண்டு போனவர் அவர். மாதப் பிறப்பில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்று, "அம்மா, கூர்க்கா" என்பார். நான் பணம் கொடுப்பேன், அவர் சலாம் வைத்துவிட்டுப் போவார். கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோதுதான் உறைத்தது. அவர் பெயர் என்ன என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் படுத்திருந்தபோது பழைய வகுப்பு ஒன்று ஞாபகம் வந்தது.

1995-96இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு அது நினைவிருக்கலாம். வேலூர்ப் புரட்சி பாடம். 1806 ஜூலை 10, விடியும் முன்பே வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, நெற்றியில் சமயச் சின்னம் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவுகளால் கொதித்துப் போயிருந்தவர்கள். சேதி நம் ஆற்காட்டுக்கு எட்டியதும் அங்கே இருந்த கில்லஸ்பி என்ற அதிகாரி குதிரைப் படையோடு பறந்து வந்தார். கோட்டைச் சுவரில் அவரைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்கள். பிறகு பீரங்கியால் கதவை உடைத்து, அன்று பகலுக்குள் புரட்சியை அடக்கினார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். நம் ஊர்க் கதை என்பதால் நான் கையை வீசி வீசி நடத்துவேன்.

பாடம் முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "அந்த கில்லஸ்பி அப்புறம் என்ன ஆனாரு டீச்சர்?"

அவன் அப்பா நேபாளத்திலிருந்து வந்து இங்கே ஒரு தோல் தொழிற்சாலையில் இரவுக் காவல் வேலை பார்த்தார். பையன் நம் எல்லோரையும்விட நல்ல தமிழ் எழுதுவான், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வகுப்பில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கூர்க்கா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் சொன்ன பதில்: "அது பரீட்சைக்கு வராதுடா, உட்காரு."

உடனே முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "கூர்க்கா, உட்காந்து விசில் அடி." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார்கள்.

எனக்கு அன்று பதில் தெரியாது என்பதுதான் உண்மை. ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் தேடித் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க அந்த வகுப்பில் அவனைவிடப் பொருத்தமான ஆள் யாரும் இல்லை.

கில்லஸ்பி வேலூருக்குப் பிறகு பதவி உயர்ந்து மேஜர் ஜெனரல் ஆனார். எட்டு வருடம் கழித்து, 1814 அக்டோபர் 31 அன்று, டேராடூன் அருகே ஒரு மலைக் கோட்டையின் வாசலில் சுடப்பட்டு இறந்தார். கோட்டைக்குள் இருந்து சுட்டவர்கள் கூர்க்காக்கள்.

*

முதலில் பெயரைப் பார்ப்போம். கூர்க்கா என்பது ஒரு சாதியும் இல்லை, இனமும் இல்லை. அது ஓர் ஊரின் பெயர். காத்மாண்டுவுக்கு மேற்கே கோர்க்கா என்ற சிறிய மலை ராஜ்யம் இருந்தது. அதன் அரசர் பிருத்வி நாராயண் ஷா, 1768இல் காத்மாண்டுவைப் பிடித்தார். அங்கிருந்து தொடங்கி அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கிழக்கே சிக்கிம் பக்கமும் மேற்கே சட்லஜ் ஆறு வரையும் பரவினார்கள். அந்த அரசின் படையில் இருந்தவர்களை வெள்ளைக்காரர்கள் ஊர்ப் பெயரை வைத்து "கூர்க்கா" என்றார்கள். உள்ளே பார்த்தால் மகர், குருங், ராய், லிம்பு, தமாங், செத்ரி, தாகுரி என்று பல சமூகங்கள், பல மொழிகள். வட இந்தியாவில் நம் எல்லோரையும் "மதராஸி" என்று ஒரே பெயரில் அடைத்தார்கள் அல்லவா, அதே மாதிரி.

இந்த அரசும் கிழக்கிந்தியக் கம்பெனியும் எல்லையில் மோதிக்கொண்டன. 1814இல் போர். டேராடூன் அருகே நாலாபானி என்ற இடத்தில் கலங்கா என்ற சின்னக் கோட்டை. அதைக் காத்தவர் பலபத்ர குன்வர். உள்ளே பெண்கள், குழந்தைகள் எல்லாம் சேர்த்து சுமார் 600 பேர். வெளியே பல மடங்கு பெரிய கம்பெனிப் படை, பீரங்கிகள். வேலூரில் ஒரே பகலில் வேலையை முடித்த கில்லஸ்பி, இங்கேயும் அப்படியே ஆகும் என்று நினைத்து வாசலை நோக்கித் தானே முன்னால் ஓடினார். அங்கேயே விழுந்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் கோட்டை தாக்குப் பிடித்தது. பெண்களும் சுவரில் நின்று கல் எறிந்ததாகக் கம்பெனிக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் கோட்டைக்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டு, பீரங்கியால் இரவும் பகலும் அடித்தார்கள். தாகம் தாங்க முடியாத நிலையில் பலபத்ரர் மீதி இருந்த சுமார் 70 பேருடன் வெளியே வந்து, முற்றுகையைக் கிழித்துக்கொண்டு தப்பிப் போனார். உள்ளே நுழைந்த வெள்ளைக்காரர்கள் பார்த்தது பிணங்களையும், தண்ணீர் கேட்டு முனகிய காயம்பட்டவர்களையும்தான்.

ரிஸ்பனா ஆற்றங்கரையில் இன்றும் இரண்டு நினைவுத் தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கில்லஸ்பிக்கும் அவரோடு இறந்தவர்களுக்கும். இன்னொன்று எதிரியான பலபத்ரருக்கும் அவருடைய கூர்க்காக்களுக்கும். எதிரிக்கு, அதுவும் தங்கள் தளபதியைக் கொன்ற எதிரிக்கு, வெள்ளைக்காரன் தூண் வைத்திருக்கிறான்.

இதைப் படித்ததும் எனக்கு நம் வேலூர்தான் நினைவுக்கு வந்தது. வேலூர்ச் சிப்பாய்களும் அதே கில்லஸ்பியை எதிர்த்து நின்றவர்கள்தான். அவர்களுக்கு யார் தூண் வைத்தார்கள்? மக்கான் சந்திப்பில் நாம் பார்க்கும் தூண், சுதந்திரம் வந்து பல ஆண்டுகள் கழித்து நம் அரசு வைத்தது. கம்பெனியின் கணக்கில் ஒரு கூட்டம் துரோகிகள், இன்னொரு கூட்டம் வீரர்கள். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் கூர்க்காக்களின் மீதிக் கதை புரிந்துவிடும்.

*

போர் முடியும் முன்பே, 1815இலேயே, தோற்ற படையிலிருந்து ஆட்களைத் தங்கள் பக்கம் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். நசீரி பட்டாலியன்கள், சிர்மூர் பட்டாலியன் என்று படைகள் உருவாயின. 1816இல் சுகாவுலி உடன்படிக்கை உறுதியானது. நேபாளம் குமாவூன், கார்வால் பகுதிகளையும் காளி ஆற்றுக்கு மேற்கே இருந்த நிலத்தையும் இழந்தது. நிலத்தை இழந்த நாட்டின் பிள்ளைகள், நிலத்தைப் பிடுங்கியவனின் படையில் சேர்ந்தார்கள்.

ஏன் சேர்ந்தார்கள்? மலைச்சரிவில் படி படியாக வெட்டிய வயலில் ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிடும் அளவுக்கு விளையாது. அண்ணன் தம்பிகள் நாலு பேர் என்றால் பங்கு பிரித்தபின் கையில் ஒன்றும் மிஞ்சாது. மாதாமாதம் கைக்கு வரும் சம்பளமும் கடைசியில் பென்ஷனும் அந்த மலையில் வேறு எங்கே கிடைக்கும்? வெள்ளைக்காரனுக்கு முன்பே சிலர் லாகூருக்குப் போய் ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்தார்கள். அதனால்தான் வெளிநாட்டுப் பட்டாளத்தில் இருப்பவனை நேபாளத்தில் இன்றும் "லாகுரே" என்கிறார்கள். லாகூர் போனவன் என்று பொருள். நாலாபானி வீரர் பலபத்ரரே கடைசியில் லாகுரே ஆனார். ரஞ்சித் சிங்கின் படையில் சேர்ந்து, ஆப்கானியரோடு நடந்த சண்டையில் இறந்தார்.

1857இல் வட இந்தியச் சிப்பாய்கள் எழுந்தபோது, சிர்மூர் பட்டாலியன் வெள்ளைக்காரர் பக்கம் நின்றது. டெல்லிக்கு வெளியே இந்து ராவ் மாளிகையை மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் காத்தார்கள். 490 பேரில் 327 பேர் இறந்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். நேபாளப் பிரதமர் ஜங் பகதூர் ராணாவும் லக்னோவுக்குத் தானே படையெடுத்து வந்து உதவினார். பதிலுக்கு மேற்கு தராய் நிலத்தின் ஒரு பகுதி நேபாளத்துக்குத் திரும்பக் கிடைத்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெரிய புகழ் கட்டப்பட்டது. எழுந்து நின்ற சமூகங்களைப் படையிலிருந்து ஒதுக்கினார்கள். கூட நின்றவர்களைப் "போர்க்குணம் கொண்ட இனம்" என்றார்கள். கூர்க்கா, சீக்கியர், பத்தான் எல்லாம் பிறவி வீரர்களாம். இந்தக் கொள்கையைப் பெரிதாகப் பரப்பியவர் ராபர்ட்ஸ் பிரபு. இவர் 1881 முதல் 1885 வரை நம் சென்னை ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர். தென்னாட்டில் நீண்ட காலம் அமைதி நிலவியதால் தமிழரும் தெலுங்கரும் மென்மையாகிப் போனார்கள், இனி சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் முடிவு. கிளைவ் காலத்திலிருந்து கம்பெனிக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்கள் நம் ஊர்ச் சிப்பாய்கள். ஒரு தலைமுறையில் எல்லாம் மறந்துபோனது.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். பர்மாவில் இருந்த 10ஆம் மதராஸ் காலாட்படையின் ஆட்களைக் கலைத்துவிட்டு, அந்த எண்ணையும் பெயரையும் 1890இல் கூர்க்காக்கள் நிறைந்த ஒரு காவல் படைக்குக் கொடுத்தார்கள். அந்தப் படைதான் 1901இல் 10ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ் ஆனது. அதாவது கூர்க்காவுக்கு "வீரன்" என்று பட்டம் கொடுத்த அதே பேனாதான் நம்மைக் "கோழை" என்று எழுதியது. இரண்டும் ஒரே தாளில் எழுதப்பட்டவை. ஒன்றை நம்பினால் மற்றதையும் நம்ப வேண்டிவரும். இரண்டாம் உலகப் போரில் ஆள் தட்டுப்பாடு வந்தபோது மதராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். நம் பிள்ளைகள் பர்மாவில் சண்டை போட்டார்கள். அப்போது மட்டும் மென்மை எங்கே போனது?

எங்கள் பெரியப்பா மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். கூர்க்காக்களோடு ஒரே முகாமில் இருந்திருக்கிறார். "பெரியப்பா, அவங்களுக்குப் பயமே கிடையாதாமே?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "யாரும்மா சொன்னது? குண்டு வந்தா எல்லாருக்கும் வயிறு கலக்கும். பக்கத்துல இருக்கிறவன் ஓடலைன்னா நாமளும் ஓட மாட்டோம். அவங்க பட்டாலியன்ல பக்கத்துல இருக்கிறவன் மாமன் மவன், அந்தப் பக்கம் இருக்கிறவன் அதே ஊருக்காரன். எப்படி ஓடுவான்? ஊருக்குப் போனா யார் மூஞ்சியில முழிப்பான்?" என்றார். "கோழையாக வாழ்வதைவிடச் சாவது மேல்" என்பது கூர்க்காக்கள் சொல்லும் வாக்கு. அதன் அர்த்தத்தைப் பெரியப்பாதான் எனக்குப் புரிய வைத்தார்.

குக்ரியைப் பற்றியும் ஒரு கதை உண்டு. உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் காட்டாமல் திருப்பி வைக்கக் கூடாதாம். நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மன்னிக்கவும். நேபாளக் கிராமத்தில் விறகு பிளக்க, இறைச்சி வெட்ட, புதர் சீவ எல்லாவற்றுக்கும் குக்ரிதான். நம் வீட்டு அரிவாள் மாதிரி. ஒவ்வொரு தடவையும் ரத்தம் காட்ட வேண்டுமென்றால் ஒரு விரலும் மிஞ்சாது.

*

வீரம் பிறவியில் வருவதில்லை என்று சொன்னதால் அவர்களின் வீரத்தைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உண்மையில் நடந்தவற்றைக் கேளுங்கள்.

முதல் உலகப் போரில் சுமார் 2 லட்சம் கூர்க்காக்கள் பணியாற்றினார்கள். 1915 செப்டம்பரில் பிரான்ஸில் குல்பீர் தாப்பா என்ற வீரர், தானே காயம்பட்டிருந்த நிலையில், ஜெர்மானியர்களின் பதுங்குகுழிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயைக் கண்டார். அவர், "நீ போய்விடு" என்று சொல்லியும் கேட்காமல் ஒரு பகலும் ஓர் இரவும் அவரோடேயே இருந்தார். மறுநாள் அவரைக் கொஞ்ச தூரம் தூக்கி வந்து ஒரு பள்ளத்தில் வைத்துவிட்டு, காயம்பட்ட இரண்டு கூர்க்காக்களை ஒவ்வொருவராகத் தங்கள் பக்கம் கொண்டு சேர்த்தார். பிறகு பட்டப்பகலில் குண்டு மழையில் திரும்பிப் போய் அந்த வெள்ளைக்காரரையும் தூக்கி வந்தார். விக்டோரியா கிராஸ் பெற்ற முதல் கூர்க்கா இவர்தான். 1911க்கு முன் இந்தியப் படை வீரர்களுக்கு அந்தப் பதக்கம் கொடுக்கும் விதியே கிடையாது.

1945 மே மாதம், பர்மாவில் லட்சிமன் குருங். உயரம் 4 அடி 11 அங்குலம். அவருடைய குழிக்குள் ஜப்பானியர் எறிகுண்டுகளை வீசினார்கள். இரண்டை எடுத்துத் திருப்பி எறிந்தார். மூன்றாவது கையிலேயே வெடித்தது. வலது கை விரல்கள் போயின, முகத்திலும் காயம். இடது கையாலேயே துப்பாக்கியில் குண்டு போட்டுச் சுட்டு, நான்கு மணி நேரம் அந்த இடத்தை விடாமல் நின்றார். விடிந்தபின் அவர் குழிக்கு முன்னால் மட்டும் 31 ஜப்பானியர் இறந்து கிடந்தார்கள்.

கூர்க்கா வீரர்களில் மொத்தம் 13 பேர் விக்டோரியா கிராஸ் பெற்றிருக்கிறார்கள்.

வரலாறு சொல்லும்போது பிடிக்காத பக்கத்தையும் புரட்ட வேண்டும். 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக். டயர் கூட்டிப்போன படையில் கூர்க்காக்களும் இருந்தார்கள். சுடு என்றதும் சுட்டார்கள். 1987இல் அமைதிப்படை யாழ்ப்பாணத்துக்குப் போனபோது அதிலும் கூர்க்கா பட்டாலியன் இருந்தது. அங்குள்ள நம் உறவுகள் கூர்க்கா என்ற சொல்லை என்னைப் போல விசில் சத்தத்தோடு நினைவில் வைத்திருக்கவில்லை. உத்தரவுக்குக் கேள்வி கேட்காதவன் என்ற புகழின் இன்னொரு பக்கம் இது.

ஆனால் கேள்வி கேட்டவர்களும் அவர்களில் உண்டு. டேராடூன் பக்கத்தில் பிறந்த துர்கா மல்லா, கூர்க்கா ரைஃபிள்ஸில் இருந்தவர், மலாயாவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். நம் தமிழர்கள் தோட்டத்தை விட்டு ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்களே, அதே படை. பிடிபட்டபின் மன்னிப்புக் கேட்க மறுத்தார். 1944 ஆகஸ்ட் 25 அன்று டெல்லியில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு நாடாளுமன்ற வளாகத்தில் சிலை இருக்கிறது. நேதாஜி படையின் பாடல்களுக்கு மெட்டுப் போட்ட கேப்டன் ராம் சிங் தாகுரியும் கூர்க்காதான்.

*

1947இல் நாடு பிரிந்தபோது பத்து கூர்க்கா ரெஜிமென்ட்களையும் பாகம் பிரித்தார்கள். நவம்பர் 9ஆம் தேதி இந்தியா, பிரிட்டன், நேபாளம் மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆறு நமக்கு, நான்கு பிரிட்டனுக்கு. பிரிட்டனோடு போக விரும்பாமல் இங்கேயே நின்றவர்களைச் சேர்த்து 11ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ் உருவானது. ஆக நம்மிடம் ஏழு ரெஜிமென்ட்கள்.

1962 அக்டோபர் 20, லடாக்கில் பாங்காங் ஏரிக்கரை. மேஜர் தன் சிங் தாப்பா, விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு சிரிஜாப் காவல் நிலையைக் காத்தார். சீனர்கள் அலை அலையாக வந்தார்கள். குண்டு தீர்ந்தபின் கைகலப்பு. அவர் இறந்துவிட்டார் என்றே நினைத்துப் பரம்வீர் சக்கரத்தை "மறைவுக்குப் பின்" என்று அறிவித்தார்கள். பிறகுதான் சீனச் சிறையில் உயிரோடு இருப்பது தெரிந்தது. 1963இல் வீட்டுக்குத் திரும்பினார்.

குன்னூரில் குடியிருந்து 2008இல் வெலிங்டன் மருத்துவமனையில் மறைந்த ஃபீல்ட் மார்ஷல் மானெக்ஷாவை உங்களுக்குத் தெரியும். பார்சிக்காரரான அவருக்கு "சாம் பகதூர்" என்ற பெயரைக் கொடுத்தவர்கள் 8ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸ் வீரர்கள்தான். சாவுக்குப் பயமில்லை என்று சொல்பவன் ஒன்று பொய்யன், இல்லாவிட்டால் கூர்க்கா என்று அவர் சொன்னதாக ஒரு வாசகம் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். நீங்களே எனக்கு எத்தனையோ தடவை அனுப்பியிருக்கிறீர்கள். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் பயமே இல்லாதவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அவனுக்கு வலிக்காது, பசிக்காது, வயதாகாது என்றும் நினைத்துக்கொள்கிறோம். பிரிட்டனில் நடந்தது இதுதான்.

துல் பகதூர் புன் என்பவர் 1944 ஜூனில் பர்மாவில் மொகாங் என்ற இடத்தில், கூட வந்தவர்கள் எல்லோரும் விழுந்தபின் தனி ஆளாகத் துப்பாக்கியோடு ஓடி எதிரியின் நிலையைப் பிடித்தவர். விக்டோரியா கிராஸ். எண்பது வயதுக்கு மேல் நோய்க்கு வைத்தியம் பார்க்க பிரிட்டனில் தங்க அனுமதி கேட்டார். அந்த நாட்டோடு அவருக்குப் போதுமான பிணைப்பு இருப்பதாக நிரூபிக்கவில்லை என்று சொல்லி மறுத்தார்கள்! ஊர் சிரித்த பிறகு 2007இல் அனுமதி கொடுத்தார்கள்.

1997 ஜூலைக்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காக்களுக்கு அங்கே குடியேறும் உரிமை இல்லை என்பது அரசின் நிலை. நடிகை ஜோவன்னா லம்லி இதற்காகப் போராடினார். அவர் அப்பா 6ஆவது கூர்க்கா ரைஃபிள்ஸில், அதாவது புன் இருந்த அதே ரெஜிமென்ட்டில், அதிகாரியாக இருந்தவர். முன்னே சொன்ன லட்சிமன் குருங்கும் தள்ளாத வயதில் லண்டனுக்கு வந்து அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டார். 2009 ஏப்ரல் 29 அன்று நாடாளுமன்றத்தில் 267க்கு 246 என்று அரசு தோற்றது. மே மாதம், நான்கு வருடம் பணியாற்றிய எல்லோரும் குடியேறலாம் என்று அறிவித்தார்கள். பென்ஷன் மட்டும் சமமாகவில்லை. பழைய ஆட்களுக்கு வெள்ளைக்காரச் சிப்பாயின் பென்ஷனில் ஒரு பங்குதான். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2016இல் கைவிரித்துவிட்டது. 2021 ஆகஸ்டில் வயதான கூர்க்காக்கள் பிரதமர் வீட்டு எதிரில் 13 நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்திருக்கிறது. 2022இல் அக்னிபாத் திட்டம் வந்தது. நான்கு வருடப் பணி, அதன்பின் நான்கில் ஒரு பங்கு பேருக்கு மட்டுமே தொடர வாய்ப்பு. 1947 ஒப்பந்தத்தில் இது இல்லையே என்று நேபாளம் ஆட்சேபித்து ஆள் எடுப்பை நிறுத்தச் சொன்னது. அன்றிலிருந்து நேபாளத்துப் பிள்ளைகள் நம் கூர்க்கா படையில் சேரவில்லை. இருநூறு வருட வழக்கம் நின்று போயிருக்கிறது. இது சரியா தவறா என்று தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் நின்றது யாருக்கு வலிக்கிறது என்பதைக் கேளுங்கள்.

*

ஒன்றாம் தேதி எங்கள் தெருக் கூர்க்கா கடைசியாகக் கணக்கு முடிக்க வந்தார். இந்தத் தடவை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தேன். பெயர் கேட்டேன். சொன்னார். வீட்டைக் கேட்டேன். மேற்கு நேபாளம். "நீங்க பட்டாளத்துல இருந்தீங்களா?" என்றேன்.

சிரித்தார். "இல்லம்மா. ரெண்டு வாட்டி போனேன் ஆள் எடுக்கிற இடம். ரெண்டு வாட்டியும் திருப்பி அனுப்பிட்டான். அப்புறம்தான் விசில் எடுத்தேன்."

அங்கே ஆள் எடுப்பு எப்படி என்று படித்திருக்கிறேன். பிரிட்டன் படைக்குத் தேர்வு என்றால், "டோக்கோ" என்ற மூங்கில் கூடையில் மண் நிரப்பி, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, மலை மேல் சுமார் 5 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆயிரக்கணக்கில் வருவார்கள், சில நூறு பேரைத்தான் எடுப்பார்கள். மீதிப் பேர் எங்கே போவார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. நம் தெருவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். நம் சினிமாவில் "சலாம் சாப்" என்று சொல்லி அடி வாங்கிச் சிரிக்க வைக்கும் ஆள் அவர்தான்.

"மகனுக்குப் பத்தொன்பது வயசு. நல்லா ஓடுவான். இப்ப இந்தியா பட்டாளமும் எடுக்கலை. கத்தார் போறேன்னு சொல்றான்" என்றார்.

எங்கள் வீட்டுப் பணத்தை நான் தொடர்ந்து கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு வீட்டுக்காக ராத்திரி பூரா சுத்த முடியாதேம்மா" என்றார். நியாயம்தான். சென்னையில் ஓர் அடுக்குமாடியில் வேலை கிடைத்திருக்கிறதாம். கூட்டத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். காலம் தாழ்த்திக் கொடுத்த டீயால் அதைச் சரிக்கட்ட முடியாது.

கடைசியாக, 1995-96 வகுப்புப் பிள்ளைகளே. அந்தப் பையனின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். உங்களில் யாருக்காவது அவனோடு தொடர்பு இருந்தால் இதை அவனுக்குக் காட்டுங்கள். அவனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும்.

தம்பி, அன்று நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கில்லஸ்பி நாலாபானியில் இறந்தார். உன் நாட்டுக்காரர்கள் அவரைத் தடுத்து நிறுத்தினார்கள். உன்னை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி இதைச் சொல்ல வைத்திருந்தால், "கூர்க்கா" என்ற சொல்லைக் கேட்டு அதற்குப் பிறகு யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். டீச்சருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தெரியவில்லை. சிரித்ததற்கு மன்னித்துவிடு.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்கள் பதினேழு பேர். உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. கடைசி பெஞ்சிலிருந்து பாடத்தில் இல்லாத கேள்வி வந்தால் "பரீட்சைக்கு வராது" என்று சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியாது, நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். எனக்கு அந்த மறுநாள் வர இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது.

எழுத்துப் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். உங்கள் வீட்டில் பட்டாளத்தில் இருந்தவர்கள் யாராவது கூர்க்காக்களோடு பழகியிருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோரும் படிக்கலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்